ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒரு கேமன்

காரின் பெயின்ட் மேல் தடவும் செராமிக் கோட்டிங், ரோட்டில் தெறிக்கும் கல்லின் அடியைத் தாங்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரையின் வேலை முடிந்துவிடும். மீதிப் பேர் பெங்களூரிலிருந்து ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு சேலம், மதுரை, நெல்லை என்று இறங்குகிறவர்கள். அவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் பெரியது. வண்டியின் முகத்தில் எதைக் காப்பாற்றுவது, எதை அடிபட விட்டுவிடுவது, எதற்குக் காசை எடுத்து வைப்பது?

என் மைத்துனன் இப்போது இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷ 718 கேமன் வாங்கியிருக்கிறான், சிவப்பு. இந்திரா நகரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? சாயங்காலம் 100 அடி ரோட்டில் இறங்கினால் இரண்டாவது கியரைப் பார்ப்பதே அதிசயம். ஊர் திருநெல்வேலி. பொங்கல், கோயில் கொடை, யார் வீட்டுக் கல்யாணமாவது என்று வருடம் முழுக்க அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 600 கி.மீ., நகரத்தைத் தாண்டினால் எல்லாம் தேசிய நெடுஞ்சாலை 44. "அத்தான், செராமிக் போட்டாலே போதுமாம், பிபிஎஃப் எல்லாம் தேவையில்லையாமே?" என்றான். பிபிஎஃப் என்பது பெயின்ட் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம். யார் சொன்னது என்று கேட்டேன். செராமிக் போடுகிறவர்.

ரோட்டில் என்ன நடக்கிறது

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து பெங்களூரின் கட்டடங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் டிப்பரில் ஏறி வந்துகொண்டே இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது நம் பக்கத்தில் ஓடுவது காலி டிப்பர். திரும்பி வரும்போது நிறைந்த டிப்பர். காலி டிப்பர் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பின்கதவு இடுக்கில் மாட்டிய பொடிக்கல் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உதிரும். நிறைந்த வண்டியில் தார்ப்பாய் கட்டியிருந்தாலும் டயர் இடுக்கில் சிக்கிய முக்கால் அங்குல ஜல்லிக்கு அது தடையில்லை.

கல் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது மேலே எகிறி ஒரு நொடி அந்தரத்தில் இருக்கிறது. நாம்தான் போய் மோதுகிறோம். அடியின் வேகத்தைத் தீர்மானிப்பது நம் ஸ்பீடாமீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். 80-இல் படும் கல்லைவிட 120-இல் படும் அதே கல்லுக்கு இரண்டேகால் மடங்கு வலு. நான்குவழி நெடுஞ்சாலையில் காருக்குச் சட்டப்படி உச்சம் 100 என்பதை மைத்துனனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அந்த அடியை வாங்கப்போகும் பெயின்ட் எவ்வளவு கனம்? தகட்டிலிருந்து மேல்பூச்சு வரை, பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து, கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் 40 மைக்ரானைச் சுற்றி இருக்கும், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் படிப்பது சுலபமாகிவிடும்.

கல் மட்டும் எதிரி இல்லை. திண்டுக்கல் தாண்டி இருட்டும் நேரத்தில் போனால் பூச்சிகள் பம்பர் முழுக்க அப்பிக்கொள்ளும். அவற்றின் உடல்நீர் வெயில் ஏறும்போது கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்கும். ஊருக்குள் நுழைந்தால் வேகத்தடை. கூடவே, வண்டியின் வாய்க்குள் போய் உட்காருகிற குப்பையும் கல்லும் இருக்கின்றன. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பிறகு விரிவாகப் பேசப்போகிறேன்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்?

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இது மரியாதைக்குரிய வழி. கார் ஓட்டத்தானே? மூக்கில் நாலு புள்ளி விழுந்தால் விழட்டும், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிப் புது பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்தான் நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. பழைய கார் வாங்க வருகிறவர் கையில் வைத்திருக்கும் பெயின்ட் கனம் பார்க்கும் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் எதையும் காட்டாது. அதனால் நல்ல கடையில், கலர் பிசகாமல் அடித்த பம்பர், விற்கும்போது பெரிய தலைவலி இல்லை. பானட்டும் முன் ஃபெண்டர்களும் அப்படி இல்லை. அங்கே கருவியை வைத்ததும் எண் 250, 300 என்று ஏறினால், "வண்டி அடிபட்டதா?" என்ற கேள்வி அடுத்த நொடியே வரும். ஆக, கல் அதிகம் படுவது பம்பரில். கம்பெனி பெயின்ட்டுக்கு விலை இருப்பது பானட்டில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம்.

பானட் இரும்பாக இருந்தால் கல் பட்ட இடத்தில் துரு எட்டிப் பார்க்கும். கேமனுடைய முன்மூடி அலுமினியம். சிவப்புத் துரு வராது என்றாலும் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து உப்பிக்கொள்ளும். உலோகம் தெரிகிற அளவுக்கு ஆழமான புள்ளி எதுவாக இருந்தாலும் டச்-அப் பெயின்ட்டை ஒரு சொட்டு வைத்து மூடிவிட வேண்டும். பெயின்ட் கோடு எண்ணைச் சொல்லி வாங்கினால் சின்ன பாட்டில்தான். பிரஷ்ஷால் இழுக்காமல் பல்குத்தும் குச்சி முனையால் வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்ட ஓட்டச் சேரும் கல்புள்ளிகளைத் தேய்மானம் என்றுதான் கம்பெனி பார்க்கும். அது பாலிசிக்குள் வராது. உண்மையாகவே ஒரே அடியில் பம்பர் உடைந்து கிளைம் போட்டாலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். அந்த வருடத்தோடு, 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளைம் போனஸும் போகும். விலை உயர்ந்த காரில் அந்தப் போனஸின் மதிப்பு பல நேரம் பம்பர் பெயின்ட் செலவைத் தாண்டிவிடும்.

செராமிக்: நல்லது, ஆனால் இதற்கில்லை

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலான ஒரு திரவம். கிளியர் கோட்டின் மேல் தடவினால் இறுகி மெல்லிய படலமாகிறது. எவ்வளவு மெல்லியது? ஓரிரு மைக்ரான், பல நேரம் அதற்கும் குறைவு. 40 மைக்ரான் கிளியர் கோட்டை உடைத்துக்கொண்டு போகும் ஜல்லிக்கு இந்த ஒரு மைக்ரான் என்ன தடை?

"9எச் ஹார்ட்னஸ்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள். வைரத்துக்குப் பக்கத்தில் என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார். அது கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் அல்ல. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. 9எச் என்பது அந்தப் பென்சில் வரிசையின் கடைசி எண். கல் மோதலை அந்தச் சோதனை அளப்பதே இல்லை.

அப்படியானால் செராமிக் வீணா? இல்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி அழுக்கும் நீரும் ஒட்டாமல் உருளும். பூச்சியைத் துடைப்பது பாதி வேலையாகிவிடும். பெங்களூரில் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளுக்குப் பறவை எச்சம், பிசின் இரண்டிலிருந்தும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சும்மா மினுமினுப்பாக இருக்க வேண்டும் என்றால் போடலாம். 600 கி.மீ. நெடுஞ்சாலைக்கு முகக்கவசம் என்று சொல்லி யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரா, டேப், உரித்து எடுக்கும் ஸ்ப்ரே

அமெரிக்காவில் 1980-களின் ஸ்போர்ட்ஸ் கார் படங்களைப் பார்த்தால் மூக்கில் கறுப்பு ரெக்சின் உறை மாட்டியிருக்கும். அதற்குக் கார் பிரா என்று பெயர். கல்லைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் உறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் தூசி புகுந்தால், காற்றில் உறை அதிரும்போதெல்லாம் அந்தத் தூசி உப்புத்தாளாக மாறிக் கிளியர் கோட்டைத் தேய்க்கும். மழையில் நனைந்தால் கழற்றிக் காயவைக்க வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் வெயில் பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறு நிறமாகும். இன்றைய பம்பர்களில் பார்க்கிங் சென்சாரும் ரேடாரும் வேறு இருக்கின்றன. பழைய வண்டிகளைப் பழைய தோற்றத்தில் வைத்திருக்க ஆசைப்படுபவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

டேப் விஷயம் வேறு. ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் பெயின்ட்டர்கள் பயன்படுத்தும் நீல டேப்பை மூக்கில் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள், சாயங்காலம் உரித்துவிடுவார்கள். ஒரு நாள் வேலைக்கு இது கெட்டிக்காரத்தனம். சில நூறு ரூபாய். ஆனால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மாஸ்க்கிங் டேப்பை வாங்கி ஒட்டிவிட்டு, விருதுநகர் வெயிலில் அரை நாள் ஓட்டினால், பசை பெயின்ட்டிலேயே தங்கிவிடும். பிறகு அதைக் கரைத்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். ஊரில் நாலு நாள் தங்கும் பயணத்துக்கு டேப் ஒத்துவராது. பார்க்கவும் விபத்தான வண்டி மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள்.

ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் தோலாக உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சுகளும் உண்டு. மெல்லியதாக அடித்தால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். கனமாக அடிக்கப் பொறுமை வேண்டும். விளிம்புகளை மறைத்து, பல கோட் அடித்து, காயவைத்து, இவ்வளவும் செய்து ஒரு பயணத்துக்கா?

பிபிஎஃப்: காசு போக வேண்டிய இடம், ஆனால் முழுசாக இல்லை

பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், சுருக்கமாகப் பிபிஎஃப். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமலிருக்க ஒட்டிய பாலியூரித்தேன் ஃபிலிமிலிருந்து வந்தது இது. இன்றைய நல்ல ஃபிலிம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், அதாவது டிபியு. கனம் 150 முதல் 200 மைக்ரான். உங்கள் காரின் மொத்த பெயின்ட்டைவிட இது கனம். கனம் மட்டுமில்லை, இது இழுபடும், அமுங்கும். கல் மோதும்போது அடியை ஒரு புள்ளியில் வாங்காமல் சுற்றிலும் பரப்பிவிடுகிறது. லேசான கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானே மறையும். ஃபிலிமையே கிழித்துக்கொண்டு போன வெட்டு மறையாது. பெரிய கல் 120-இல் நேராக அடித்தால் ஃபிலிமைத் தாண்டியும் பெயின்ட் உடையலாம். பத்தில் பத்தையும் தடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சந்தையில் பிவிசி ஃபிலிமையும், டிபிஎச் என்ற பெயரில் அதன் மேம்பட்ட வகையையும் "பிபிஎஃப்" என்றே விற்கிறார்கள். விலை பாதிக்கும் கீழே இருக்கும். வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும், விறைக்கும். உரிக்கும்போது பசையை விட்டுவிட்டுத் துண்டாக வரும். ஒரு சின்னத் துண்டு கேளுங்கள். இழுத்துவிட்டால் டிபியு மெதுவாகப் பழைய அளவுக்குத் திரும்பும்; பிவிசி இழுபட்ட இடத்தில் அப்படியே நிற்கும். வினைல் ராப் என்பது இன்னொரு கதை. 80, 100 மைக்ரான் பிவிசி, நிறம் மாற்றுவதற்கானது. கல்லுக்கு அரைகுறைத் தடுப்பு. அதில் வண்டியின் முழு நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் எழுதியுள்ள நிறத்தோடு பொருந்தாமல் ஆர்டிஓ வேலை தனியாக முளைக்கும். நிறமற்ற பிபிஎஃப்பில் அந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு இடத்துக்கு ஒட்டுவது? முழு வண்டிக்கும் ஒட்டச் சொல்லித்தான் ஃபிலிம் ஒட்டும் எல்லா ஸ்டுடியோவும் ஆரம்பிக்கும். நல்ல டிபியுவில் அது லட்சத்தைத் தாண்டும். கூரைக்கும் டிக்கிக்கும் எந்த ஜல்லி வரப்போகிறது? நெடுந்தூரப் பயணம்தான் உங்கள் கவலை என்றால் பம்பர், முழு பானட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடிக் கூடுகள், ஹெட்லைட். இவ்வளவு போதும். கூடவே ஒரு இடம் பலர் மறப்பது: பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி. அகலமான முன் டயர் கல்லை வாரி நேராக அங்கேதான் வீசும். போர்ஷ 911-இல் அந்த இடத்துக்குக் கம்பெனியே சின்ன ஃபிலிம் ஒட்டி அனுப்புகிறது என்பதைப் பார்த்தால், பிரச்சினை கற்பனையில்லை என்று தெரியும்.

பானட்டின் முன்பாதிக்கு மட்டும் ஒன்றரை அடிப் பட்டையாக ஒட்டும் மலிவு வழியும் இருக்கிறது. நான் வேண்டாம் என்பேன். அந்தக் குறுக்குக் கோட்டில் மெழுகும் அழுக்கும் சேர்ந்து, ஆறு மாதத்தில் வெள்ளைக் காரில் பென்சிலால் கோடு போட்டது போலத் தெரியும். மிச்சமாகும் காசுக்கு அந்தக் கோடு அதிக விலை.

ஹெட்லைட்டைப் பற்றி ஒரு வரி: சின்னத் துண்டு ஃபிலிம், சொற்பச் செலவு. அது காப்பது பாலிகார்பனேட் லென்ஸை. இறக்குமதிக் காரில் லென்ஸ் மட்டும் கொடுக்கமாட்டார்கள், முழு லைட்டையும் மாற்றச் சொல்வார்கள். இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு மிக அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

ஒட்டுகிறவரின் கை

3எம், எக்ஸ்பெல், லூமர், சன்டெக், நம் நாட்டு கார்வேர் என்று பிராண்டுக்காக வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுகிறவர்கள் ஒட்டுகிறவரைப் பற்றிக் கேட்பதில்லை. என் கணக்கில் ஃபிலிம் பாதி, கை பாதி.

பம்பர் மூலையில் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். பம்பரிலும் ஃபிலிமின் பசைப் பக்கத்திலும் பேபி ஷாம்பு கலந்த தண்ணீரை அடிக்கிறார். ஃபிலிம் வழுக்கி இங்கும் அங்கும் நகர்கிறது. நடுவில் இடம் சரியானதும், தண்ணீரை வழிக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியால் ஒரு இழுப்பு. தண்ணீர் இரு பக்கமும் ஓடி நடுப்பகுதி பிடித்துக்கொள்கிறது. கஷ்டம் மூலையில்தான். காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்தில் பம்பர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளைகிறது. ஆல்கஹால் கலந்த நீரை அங்கே அடித்தால் பசை உடனே கவ்வும். கவ்விய இடத்திலிருந்து ஃபிலிமைச் சூடுகாட்டி இழுக்க வேண்டும். அவசரக்காரர் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். பால் நிறத்தில் கோடுகள் விழும், இரண்டு மாதத்தில் அந்த ஓரம் எழும்பும். நல்ல கைக்காரர் விட்டுவிடுவார். மறுபடி தண்ணீர் அடித்து, முழுசாகத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஓரத்தை வெட்டாமல் சில மில்லிமீட்டர் உட்பக்கம் மடித்துவிடுவார்.

வெட்டு என்றதும் பிளேடு வருகிறது. காரின் மேலேயே ஃபிலிமை வைத்துப் பிளேடால் வெட்டுகிறவர் கொஞ்சம் அழுத்தினாலும் கிளியர் கோட்டில் கோடு விழும். ஃபிலிம் இருக்கும்வரை தெரியாது, உரிக்கும் நாளில் தெரியும். கம்ப்யூட்டரில் அந்த மாடலின் அளவைப் போட்டு பிளாட்டர் என்ற வெட்டும் மெஷினில் வெட்டி எடுத்து ஒட்டுவது பத்திரம். ஆனால் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும். பெரிய வெட்டுகள் பிளாட்டரில், மடிக்கும் ஓரங்கள் மட்டும் கையில் என்று செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள். ஜே.சி. ரோட்டில் ஹார்ன் முதல் சீட் கவர் வரை எல்லாம் கிடைக்கும். ஆனால் இந்த வேலைக்குக் கதவு மூடிய, தூசியில்லாத அறை வேண்டும். ரோட்டோர நிழல் போதாது.

பழைய வண்டிக்கு இன்னொரு கணக்கு. ஏற்கெனவே புள்ளி விழுந்த பம்பரின் மேல் ஃபிலிம் ஒட்டினால் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோல் பத்து வருடம் இருக்கும். முதலில் பம்பருக்குப் பெயின்ட், பிறகு ஃபிலிம். ஆனால் உடனே இல்லை; புது பெயின்ட்டிலிருந்து கரைப்பான் வெளியேற வேண்டும், ஃபிலிம் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, மறுபடி அடித்த பெயின்ட் கம்பெனி பெயின்ட் அளவுக்குப் பிடிமானம் இல்லாதது. பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். பழைய உரிமையாளர் பானட்டுக்கு எங்காவது பெயின்ட் அடித்திருக்கிறாரா என்று கருவி வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

வாய்க்குள் போகும் கல்

இப்போது நான் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கேமனில் இன்ஜின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரண்டு மூலைகளில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சர்கள். இன்றைய 911, பாக்ஸ்டர் பெரும்பாலானவற்றிலும் இதே ஏற்பாடுதான். பம்பரின் பெரிய வாய்கள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே போகும் சருகு, பிளாஸ்டிக் உறை, பஞ்சு எல்லாம் கண்டென்சருக்கு முன்னால் தங்கி, மழை ஈரத்தில் ஊறி, மெல்லிய அலுமினியத் துடுப்புகளை அரிக்கும். ஒரு கூரான ஜல்லி நேராகப் போனால் கண்டென்சரில் ஓட்டை. கேஸ் போய்விடும், கோவில்பட்டி மதியத்தில் ஏசி இல்லை. மாற்றுவதென்றால் பம்பரைக் கழற்ற வேண்டும், பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

பம்பரில் விழும் புள்ளி அழகு சம்பந்தப்பட்டது. கண்டென்சர் ஓட்டை பயணத்தையே நிறுத்துவது. இருந்தும் பத்தில் ஒன்பது பேர் புள்ளிக்குத்தான் செலவு செய்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவதால்.

இதற்கு வழி, வாய்களுக்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெஷ். அந்தந்த மாடலுக்கு அளவெடுத்த வலைகள் கறுப்புப் பூச்சோடு விற்கின்றன. பம்பரில் துளை போடாமல் கிளிப்பில் மாட்டுவது நல்லது. கண் அளவு முக்கியம். கொசுவலைக் கம்பியை வெட்டி மாட்டியிருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பூச்சி ஒட்டி அடைத்துக்கொண்டால் காற்று போகாது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடு ஏறும். சருகும் ஜல்லியும் நுழையாத, ஆனால் காற்று தாராளமாகப் போகிற கண் வேண்டும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ் உள்ள வண்டியில் ரேடாருக்கு முன்னால் உலோகம் எதுவும் வரக்கூடாது. மெஷ் மாட்டும் முன் பம்பரைக் கழற்றி உள்ளே சேர்ந்ததை எடுக்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஒரு பை நிறைய சருகு வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

தாடை

இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதை 25-இல் சுகமாகத் தாண்டலாம். ஊர் எல்லையில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட தடைக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஃபிலிம் பம்பரின் கீழ்ப்பகுதியான தாடையின் அடிப்பக்க உரசலைத் தாங்காது, அதற்காக அங்கே ஒட்டவும் வேண்டாம். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் கீழ் உதடு தனி கறுப்புப் பிளாஸ்டிக், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி வண்டியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும்.

அப்படியானால் எது?

மைத்துனனுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் மெஷ். அந்த வேலைக்குப் பம்பர் கழறும்போதே பம்பருக்குப் பெயின்ட். ஒரு மாதம் நகரத்துக்குள் ஓட்டிவிட்டு, பம்பர், பானட், ஃபெண்டர், கண்ணாடி, ஹெட்லைட், பின்சக்கரத்து முன்பகுதி இவற்றுக்கு டிபியு. செராமிக் ஆசை தீரவில்லை என்றால் ஃபிலிமுக்கு மேலேயே அதையும் தடவிக்கொள்ளலாம், பூச்சி துடைக்கச் சுலபம்.

புது வண்டி எடுப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம். முதல் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன்னால் முன்பக்கத்துக்கு ஒட்டிவிடுங்கள். ஷோரூம்காரர் கூட்டிச் சொல்லும் விலைக்குச் சம்மதிக்காமல் வெளியிலும் விசாரியுங்கள். ஞாயிறு காலை நந்தி மலை, மற்ற நாள் கேரேஜ் என்பவருக்குச் செராமிக்கும் டச்-அப் பாட்டிலும் போதும். இரண்டு வருடத்தில் விற்கப்போகிறவர் ஃபிலிமுக்குப் போட்டது திரும்பி வராது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அவருக்குப் பானட்டும் ஹெட்லைட்டும் மட்டும் ஒட்டிவிட்டு, பம்பரை அடிபட விட்டு, விற்கும் முன் பெயின்ட் அடிப்பது லாபம். டிராக் நாளுக்கு மட்டும் போகிறவர் நீல டேப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிப்பரிலிருந்து விலகுவது இலவசம். கடக்க முடியாவிட்டால் நன்றாகப் பின்தங்குங்கள்; தார்ச்சாலையில் ஒருமுறை குதித்த கல் அந்தத் தூரத்துக்குள் பெரும்பாலும் தரையில் படுத்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் பூச்சியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். நனைத்த மைக்ரோஃபைபர் துணியை மூக்கின் மேல் பத்து நிமிடம் போர்த்திவைத்தால் தானே இளகி வரும். வாட்டர் சர்வீசில் பிரஷர் கன்னை ஃபிலிம் ஓரத்துக்கு நேராகக் கிட்டத்தில் பிடிக்கவிடாதீர்கள். உயர்த்திவிட்ட ஓரத்தில் மண் புகுந்தால் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபிலிமுக்கு முன்பணம் கொடுக்கும்போது பில்லில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: டிபியு என்ற சொல், எத்தனை மைக்ரான், ரோல் எண். ரோல் பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மஞ்சளானால், ஓரம் எழும்பினால் யார் மாற்றித் தருவார்கள், அதற்கான கூலி யாருடையது என்பதையும் அப்போதே கேளுங்கள். வாய்மொழியாக "பாத்துக்கலாம் சார்" என்றால், அடுத்த ஸ்டுடியோவுக்கு வண்டியைத் திருப்புங்கள்.